ஸ்டேப்ளர் கேட்டு வந்த பிள்ளை

நான் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என் அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. மூன்று மொழிகளிலும் பெரிய எழுத்தில் ‘உளவளத்துணை நிலையம்’ என்று போட்டிருந்தது, அதாவது மாணவர்கள் மனச்சுமையைச் சொல்ல வருகிற இடம். அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை. கொஞ்ச காலம் போன பிறகுதான் விளங்கியது, அந்தப் பலகை அங்கே இருக்கும்வரை ஒரு பிள்ளையும் உள்ளே காலெடுத்து வைக்காது என்று. அந்த வராந்தாவில் நடக்கும்போதே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார்கள், நான் என்னவோ பிடித்து இழுத்து ஊசி போட்டுவிடுவேன் என்பதுபோல. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி நானே அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டேன். பலகை எங்கே என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். காற்றில் விழுந்துவிட்டது என்றேன். பதுளைப் பக்கத்துக் காற்று எதையும் தூக்கும் என்பதால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டேப்ளர் வந்தது. என் அறைக்கு இரண்டு கதவு தள்ளி, மாணவர்கள் அசைன்மென்ட் போடும் பெட்டி இருக்கிறது. தாள்களைக் கையில் பிடித்தபடி ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, “மிஸ், ஸ்டேப்ளர் இருக்கா?” என்று கேட்டது. கொடுத்தேன். தாள்களை அடித்து முடித்த பிறகும் அது போகவில்லை. ஸ்டேப்ளரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தது, அழுதது. அட, இதுதானா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இது புதிய பாடமில்லை. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. தீபாவளி, நத்தார் சமயத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். கைக்குட்டை இருக்கா என்று கேட்பார்கள், கண் மட்டும் மேல் தட்டுச் சேலையில் இருக்கும். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டால் வியாபாரம் அவ்வளவுதான். “ஒக்காருங்க, எடுத்துத் தாறேன்” என்று நேரம் கடத்தவேண்டும். அதேபோல நான் ஸ்டேப்ளரை மேசைமேல் வைத்து, ஊசிப் பெட்டியை மட்டும் அலமாரிக்குள் ஒளித்து வைத்தேன். ஸ்டேப்ளர் கேட்டு வருகிற பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, “ஊசி எங்க வச்சேன்னே தெரியலையே” என்று புலம்பிக்கொண்டு நாலு சாமானை இங்குமங்கும் நகர்த்துவேன். அந்த நேரத்துக்குள் வாய் திறக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

அப்படி வந்தவள்தான் அந்தப் பெண். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் அவளுக்கு ஊர். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். முதல் தடவை வந்தபோது அவள் கையில் தாளே இல்லை. வெறுங்கையோடு வந்து ஸ்டேப்ளர் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஊசி தேடினேன்.

தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்து, ராத்திரி பகலாக உழைத்துப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளை. இங்கே விரிவுரையெல்லாம் ஆங்கிலம், கூடப் படிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசுவது சிங்களம். “சேர் ஜோக் சொல்லுவாரு மிஸ். எல்லாரும் சிரிப்பாங்க. நான் அவங்கள பாத்துட்டு அதுக்கு அப்பறமா சிரிப்பேன்” என்றாள். முதல் வருடத்தில் பல பாடங்கள் போய்விட்டன. இரண்டாம் வருடத்தில் தூக்கமும் போய்விட்டது. விரிவுரைக்குப் போவதை நிறுத்திவிட்டு அறையிலேயே போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் நான் சுற்றி வளைப்பதில்லை. “செத்துப் போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டேன்.

“இல்ல மிஸ்” என்றாள். “யாருக்கும் என்னையத் தெரியாத எடத்துக்குப் போயிரணும்னுதான் தோணுது.”

அதன் பிறகு கொஞ்ச காலம் வந்து போய்க்கொண்டிருந்தாள். போன பாடங்களைத் திரும்ப எழுதலாம், அது ஒன்றும் உலகத்தில் நடக்காத விஷயமில்லை என்று சொன்னேன். ஆங்கிலத்துக்கு மாலை வகுப்பு இருப்பதைச் சொன்னேன். துறைத் தலைவரிடம் நானே பேசட்டுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்டுகிற தலையைப் பார்த்தே தெரியும், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை என்று. அவள் வீட்டுக்குப் போய் எவ்வளவோ மாதமாகிவிட்டது. லுணுகலை என்ன நிலாவிலா இருக்கிறது? பஸ் ஏறினால் போய்விடலாம். நான் கேட்கும்போதெல்லாம் ‘எக்ஸாம் மிஸ்’ என்றாள். ஒரு நாள் பொறுமை போய் ஒரு பிடி பிடித்தேன்.

“என்னடி எக்ஸாம்? விரிவுரைக்கே போறதில்ல, எக்ஸாமாம்! வீட்டுல யாரும் அடிக்கிறாங்களா?”

“ஐயோ இல்ல மிஸ்” என்று பதறினாள். அப்போதுதான் பேனர் கதை வெளியே வந்தது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், ஊர் சேர்ந்து பெரிய பிளாஸ்டிக் பேனர் அடித்துத் தோட்டத்து வாசலில் கட்டிவிடுவார்கள். அவளுக்கும் கட்டினார்கள். ‘எங்கள் தோட்டத்தின் முதல் பல்கலைக்கழக மாணவி’ என்று மேலே கொட்டை எழுத்து, கீழே ‘வாழ்த்துவோர் ஊர் மக்கள்’, நடுவில் ஆள் உயரத்துக்கு அவள் முகம். லுணுகலை ஸ்டூடியோக்காரர் கோட்டு மாட்டி விட்டு, பல் தெரியச் சிரித்தே ஆகவேண்டும் என்று நின்று எடுத்த படம். பெரிய ரோட்டிலிருந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்கு ஏறுகிற பாதையில், அந்த முகத்துக்குக் கீழேதான் எல்லோரும் நடந்து போகவேண்டும்.

“காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற ஆளுங்க எல்லாம் அதத்தான் பாத்துட்டுப் போவாங்க மிஸ். அம்மா அதுக்குக் கீழ நின்னு கும்பிட்டுட்டு வேலைக்குப் போவாங்க. நான் பெயிலாகிட்டு எப்படி மிஸ் அதுக்குக் கீழ நடந்து போறது? வேற பாதையும் இல்ல.”

நான் படித்த படிப்பில் பேனருக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ‘அது வெறும் பேனர்தானே’ என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கும்.

அடுத்த தடவை அவள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே நல்ல மழை. தோளில் பெரிய பை, கையில் இன்னொரு பை. “போறேன் மிஸ்” என்றாள். நம் வீடுகளில் கடைக்குப் போகிற ஆள்கூட அப்படிச் சொல்லாது, போயிட்டு வாறேன் என்றுதான் சொல்லும். எங்கே என்று கேட்டேன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் யாரோ தெரிந்தவர் மூலம் வேலையாம், தங்க இடமும் தருவார்களாம். வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை. போன் நம்பரையும் மாற்றிவிடப் போகிறாள். எங்கே இருக்கிறாள் என்று பெற்றவர்களுக்குத் தெரியாமலே இருந்துவிடவேண்டும், அவ்வளவுதான் அவள் திட்டம்.

வளர்ந்த பிள்ளை. கையைப் பிடித்துக் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை. “பஸ்ஸுக்கு நேரமிருக்கா? ஒரு டீ குடிச்சிட்டுப் போ” என்று மட்டும் சொல்லி உட்கார வைத்தேன். தண்ணீர் கொதிக்கிறதோ இல்லையோ, எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசல் காவலாளியிடமிருந்து போன். சிங்களவர், பாதித் தமிழில் பேசுவார். “மிஸ், ஒரு வேன் வந்திருக்கு. நெறைய ஆள். லெடா பாக்க வந்ததாம். லெடான்னா ஒங்ககிட்டதானே, அனுப்பிட்டேன்.” லெடா என்றால் சிங்களத்தில் நோயாளி. எந்த நோயாளி, இது என்ன ஆஸ்பத்திரியா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“மிஸ், எங்கம்மா!” என்றாள். “நான் இங்க இல்லைன்னு சொல்லுங்க மிஸ். கையெடுத்துக் கும்பிடுறேன்.” இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அவள் பல நாளாகப் போனை எடுக்கவில்லை. அம்மா பயந்துபோய் அவளுடைய அறைத் தோழிக்குப் போன் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை பாவம், எதையும் போட்டுக் கொடுக்கக்கூடாது என்று நினைத்து, “அவளுக்குக் கொஞ்சம் சுகமில்ல, இங்க ஒருத்தங்ககிட்ட காட்டிக்கிட்டு இருக்கா” என்று பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறது. தோட்டத்தில் காய்ச்சல், இருமலென்றால் தோட்டத்து மருந்துச் சாலையோடு முடிந்துவிடும். பதுளையில் காட்டுகிற அளவுக்குச் சுகமில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான், பிள்ளையை வார்டில் போட்டுவிட்டார்கள். வார்டில் போட்டால் லயமே வேன் பிடித்துப் போய்ப் பார்க்கும், அதுதான் அங்கே முறை. பசறை ரோட்டு வளைவெல்லாம் சுற்றி பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து, பெண்கள் வார்டுகளையெல்லாம் அலசியிருக்கிறார்கள். பிள்ளை இல்லை. துணைக்கு ஆளில்லாமல் படுத்திருந்த யாரோ ஒரு கிழவிக்குக் கொண்டுவந்த ஆரஞ்சில் பாதியைக் கொடுத்துவிட்டு, விசாரித்து விசாரித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். நன்றாகச் சாத்தவில்லை, அந்தக் கதவு மழைக்கு ஊதி இருந்தது. வராந்தா முழுக்க ஈரச் செருப்பு, குடை, சாப்பாட்டுப் பொட்டலம். முன்னால் அம்மா நின்றார். மெலிந்த உடம்பு, பெரிய கண். அந்தக் கண்ணை நான் உள்ளே கதவுக்குப் பின்னால் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்தில் அவருடைய தங்கை, பிள்ளைக்குச் சித்தி, நல்ல வாய்க்காரி. ஓரமாக, ஒரு குலைச் செவ்விளநீரைப் பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு அப்பா.

“புள்ள எந்த வார்டுல இருக்குங்க மிஸ்?” என்றார் அம்மா. “எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நாங்க தாங்கிக்கிறோம்.”

எனக்கென்று ஒரு விதி இருக்கிறது. என்னிடம் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பெற்ற தாயிடமும் சொல்லக்கூடாது. பிள்ளையே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த விதியைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை.

“இங்க வார்டு எதுவும் இல்லம்மா. யாரும் ஆஸ்பத்திரியில இல்ல, யாருக்கும் உசுருக்கு ஆபத்தில்ல. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது” என்றேன்.

“ஏன் முடியாது?” என்று சித்திக்காரி பாய்ந்தாள். “பெத்தவ கேக்குறா! நீங்க மறைக்கிறதுக்கு என்ன, கவர்மெண்டு ரகசியமா?”

“ஆமா, ரகசியம்தான்” என்று நானும் குரலை உயர்த்தினேன். “ஒங்க புள்ளையப் பத்தி நாளைக்கி வேற யாராவது வந்து கேட்டாலும் இப்படித்தான் நிப்பேன். அப்ப நல்லதுன்னு சொல்லுவீங்க. மொதல்ல அந்தக் குடையை ஓரமா வைங்க, தண்ணி பூரா என் கால்ல கொட்டுது!”

சித்திக்காரி ஒரு நிமிஷம் என்னை முறைத்துவிட்டுக் குடையை ஓரமாக வைத்தாள். அதன் பிறகு என்ன தோன்றியதோ, பொட்டலத்தைப் பிரித்து என் கையில் ஒரு ரொட்டியைத் திணித்தாள். கட்டச்சம்பல் வைத்துச் சுருட்டிய ரொட்டி. சண்டை போட்ட கையோடு சாப்பாடு கொடுக்கிற ஜனம். மழை விட்டால் விடுதிப் பக்கம் போய்ப் பார்ப்போம் என்று எல்லோரும் வராந்தா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். நானும் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன். வேறு என்ன செய்வது?

கூரையில் ஓர் இடத்தில் ஒழுகி, சித்திக்காரியின் தோளில் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். “கேம்பஸ்னா மாளிகையா இருக்கும்னு நெனச்சேன். நம்ம லயம் மாதிரிதான் ஒழுகுது.”

“எங்க அடுப்படியில இப்ப ஒழுகல” என்றார் அம்மா.

“எப்படி ஒழுகும்? அதான் புள்ளையத் தூக்கி மேல போட்டுட்டீங்களே!” என்று தங்கை சிரித்தாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன். அம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“அடுப்படித் தகரம் காத்துல பறந்துருச்சிங்க மிஸ். தோட்டத்து ஆபீசுக்கு வேற தகரம் கேட்டு நடந்து அலுத்துப் போச்சி. புள்ளையோட அப்பாதான் போயி அவ பேனரை அவுத்துட்டு வந்து மேல இழுத்துக் கட்டுனாரு. நல்ல கெட்டிங்க, ஒரு சொட்டு எறங்கல. மூஞ்சி உள்பக்கமா வரட்டும்னு நான்தான் சொன்னேன். புள்ள மூஞ்சி மழையில நனையக்கூடாதுல்லங்க.”

நான் தின்பதை நிறுத்திவிட்டேன். அவர் தொடர்ந்து பேசினார். “விடியக்காலம் ரொட்டி சுடுறப்ப அண்ணாந்து பாத்தா சிரிச்சிக்கிட்டே இருப்பா. அவகிட்டதான் பேசிக்கிட்டே சமைப்பேன்.”

“அது பேச்சா? திட்டுல்ல!” என்றாள் தங்கை. “போன எடுக்க மாட்டியாடி, எடுக்க மாட்டியாடின்னு கரண்டியத் தூக்கிக் காட்டித் திட்டுறாங்க மிஸ். இப்ப அடுப்புப் பொக ஏறி ஏறி, மூக்குக்குக் கீழ அப்படியே கறுத்து, புள்ளைக்கு மீசை மொளச்சிருச்சி. இவ்ளோ பெரிய மீசை! எங்கூரு கங்காணி தோத்துருவாரு!”

வராந்தாவே சிரித்தது. ஓரத்திலிருந்த அப்பாகூட இளநீர்க் குலைக்குப் பின்னால் சிரித்தார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து, ஊதிப்போன அந்தக் கதவுக்குள்ளிருந்து, ஒரு சத்தம் வந்தது. முதலில் சிரிப்புத்தான். அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் பீறிட்ட சிரிப்பு. பாதியிலேயே அது அழுகையாக மாறிவிட்டது.

அம்மா எழுந்துவிட்டார். நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. கதவைத் திறக்கவேண்டியது நானில்லை. பிறகு கதவு உள்ளேயிருந்து திறந்தது, நான் நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டேன்.

“நான் பெயில்மா” என்றாள் அவள். வேறு வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை. “நெறைய பாடம் பெயில்மா.”

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “பெயிலுதானா?” என்றார். “ஆண்டவரே, பெயிலுதானா!”

“அடிப் பாவி!” என்று சித்திக்காரி கத்தினாள். “பெயிலுக்காடி எங்களை ஆஸ்பத்திரி பூரா தேட வச்ச? யாரோ ஒரு ஆச்சி போத்திக்கிட்டுத் தூங்குறத நீதான்னு நெனச்சி, போர்வையத் தூக்கிப் பாத்து நர்சுகிட்ட ஏச்சு வாங்கிட்டு வந்திருக்கேன்!” திட்டிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்தாள். அப்பா இளநீர்க் குலையைக் கீழே வைத்துவிட்டு, மகளின் இரண்டு பைகளையும் எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எதற்கு இவ்வளவு பெரிய பை என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் அவளும் அந்த வேனிலேயே ஊருக்குப் போனாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, “போயிட்டு வாறேன் மிஸ்” என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, மழை என்று வைத்துக்கொள்ளலாம். வாசல் காவலாளி மீதி ஆரஞ்சையும் இரண்டு இளநீரையும் கையில் வைத்துக்கொண்டு, “லெடா கெடச்சதா மிஸ்?” என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.

ஆனாலும் எனக்குப் பயம்தான். ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வரும் என்று என்ன நிச்சயம்? திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நான் போகிற வருகிறவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். புதன்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது.

“மிஸ், ஸ்டேப்ளர் இருக்கா?”

அவள்தான். இந்தத் தடவை கையில் உண்மையாகவே தாள்கள் இருந்தன, பாடங்களைத் திரும்ப எழுதுவதற்கான விண்ணப்பத் தாள்கள். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் நான் எழுந்து, “இரு, இந்த ஊசியை எங்க வச்சேன்னே தெரியல” என்று வழக்கம்போல அலமாரியைத் துழாவ ஆரம்பித்தேன்.

“மேல் தட்டுல டீத்தூள் டின்னுக்குப் பின்னால இருக்கு மிஸ்” என்றாள். “ஹொஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும்.”

நான் திரும்பி முறைத்தேன். அவள் சிரித்தாள், பல் தெரிய. தூங்கினாயா என்று கேட்டேன். நன்றாகத் தூங்கினாளாம், அடுப்படியிலேயே பாயைப் போட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் மீசையோடு தானே சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

“பெயிலானதப் பத்தி அம்மா அப்பறம் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாங்க மிஸ்.” தாள்களை அடுக்கி, ஓரம் சரிபார்த்து, ஸ்டேப்ளரை ஒரே அமுக்காக அமுக்கினாள். “நீ ஆறுதலா படிச்சி முடி, ஒண்ணும் அவசரமில்லன்னாங்க. முடிச்சதும் இன்னொரு பேனர் அடிப்பாங்களாம். படுக்குற பக்கமும் ஒழுகுதாம்.”